பேர் சொல்லாததும் ஒரு மர அலமாரியும்

மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு வீடு. கட்டி நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்து வீடுகளில் இருக்குமே, சமையலறையில் கறுப்பாகக் கடப்பா கல் தட்டு? அதே தான். அடுப்புக்கு நேர் மேலே இரண்டு தட்டு. அதில் ஹார்லிக்ஸ் பாட்டில், காபித்தூள் பாட்டில், ஊறுகாய் பாட்டில் என்று முப்பத்து சொச்சம். உள்ளே சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஓமம், ஆவாரம்பூ, காய வைத்த துளசி, தூதுவளை, வசம்பு, கடுக்காய்... போதாததற்கு 2020-இல் ஊரே வாங்கிக் குவித்தபோது வாங்கிய கபசுரக் குடிநீர்ப் பொடி நாலு பாட்டில்!

ஒரு பாட்டிலிலும் பேர் கிடையாது. பேர் எதற்கு? அந்த வீட்டு அப்பத்தாவுக்கு மூடியைத் திறந்தால் போதும். "இது கண்டந்திப்பிலி, அது அரிசித் திப்பிலி. இதுகூடவா தெரியல?" என்று மருமகளைக் கேலி செய்வார். ஐம்பது வருஷமாக அந்த மூக்குதான் அந்த வீட்டின் லேபிள்.

2021 மே மாதம், இரண்டாவது அலையில் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் வாசனை போனது, இரண்டு மூன்று வாரத்தில் திரும்பியும் வந்தது. அப்பத்தாவுக்கு மட்டும் வரவில்லை. அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. "காபி ஏன்டி கருகுது?" என்று அடிக்கடி கேட்பார். காபி கருகவில்லை. போன வாசனை திரும்பும்போது சிலருக்கு இப்படிக் கோணல்மாணலாகத்தான் திரும்பும். அதில் அதிகம் மாட்டுவது காபிதான். வீட்டில் இருந்தவர்களுக்கு இது அப்போது தெரியாது. வயசாச்சு, ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

2022 ஐப்பசி. நல்ல மழை. அப்பத்தா எல்லாருக்கும் சுக்கு காபி போடுகிறேன் என்று அடுப்பில் தண்ணீர் வைத்தார். ஹாலில் இருந்த மருமகளுக்குக் குப்பென்று ஒரு வாசனை. சுக்கு இல்லை, வசம்பு. ஓடி வந்து பார்த்தால், கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அப்பத்தா கிண்டிக்கொண்டிருக்கிறார். ஆவி முகத்தில் அடிக்கிறது, ஒன்றுமே தெரியவில்லை.

சுக்குப் பொடி, வசம்புப் பொடி, அதிமதுரப் பொடி மூன்றும் பார்க்க ஏறத்தாழ ஒரே நிறம். ஆனால் வசம்பு குழந்தைக்குக்கூட உரசி ஒரு துளி என்ற கணக்கில் வைக்கிற பொருள். அளவு மிஞ்சினால் வாந்தியில் கொண்டு போய் விடும். ஸ்பூன் கணக்கில் போட்டுக் குடித்திருந்தால்...?

மருமகள் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை இறக்கி ஊற்றிவிட்டார். அப்பத்தாவும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

"எல்லாத்தையும் தூக்கிப் போடு. பேர் அச்சடிச்ச பாக்கெட்டா வாங்கிக்கலாம்" என்றார் மகன். நியாயமான யோசனைதான். மருமகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அதை எடுத்துட்டா அடுப்படியில அத்தைக்கு என்ன இருக்கு?" (மாமியார் மருமகள் என்றாலே சண்டை என்று சீரியல் எடுப்பவர்கள் கவனிக்கவும்!)

இப்படித்தான் அந்த அலமாரிக்கு அச்சாரம் போட்டது.

மருமகள் யூடியூபில் நிறைய பார்த்து வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் வெள்ளைச் சுவர், திறந்த மரத்தட்டு, வெயில் பட்டு மின்னுகிற கண்ணாடி ஜாடிகள். பார்க்கக் கொள்ளை அழகு. படத்தைக் காட்டியதும் ஆசாரி சிரித்தார். "பாக்க நல்லா இருக்கும்மா. அதுல மூலிகை வைக்க முடியாது, பொம்மை வைக்கலாம்."

அவர் சொன்னது சரி. காய்ந்த மூலிகைக்கு நாலு எதிரி: வெளிச்சம், சூடு, ஈரம், காற்று. வெளிச்சம் பட்டால் இலையின் பச்சை வெளுக்கும். சூட்டில் வாசனை எண்ணெய் ஆவியாகும். அடுப்பு ஆவி உள்ளே போனால் கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். துளசியையும் தூதுவளையையும் நிழலில் உலர்த்துவது எதற்கு? நிறமும் மணமும் நிற்கத்தான். அவ்வளவு பக்குவமாக உலர்த்திவிட்டு அடுப்புக்கு மேலேயோ ஜன்னல் வெயிலிலோ வைத்தால் என்ன பிரயோஜனம்? அப்படிப் பார்த்தால் அந்தக் கடப்பா கல் தட்டும் நாற்பது வருஷமாகத் தப்பான இடத்தில்தான் இருந்திருக்கிறது. அப்பத்தாவின் மூக்கு கூர்மையாக இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

அடுப்புக்கு எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர் வெயில் வராது, பின்னால் குளியலறையும் இல்லை (இருந்தால் சுவரில் ஓதம் ஏறும்). பரணில் கிடந்த பழைய தேக்குக் கதவுதான் மரம். காய்ந்து பதமான மரம் என்பதால் முறுக்காது. புதுசாக வாங்குபவர்கள் ஈரம் தாங்குகிற பிளைவுட் வாங்கலாம். எம்.டி.எஃப். பலகை மட்டும் சமையலறைக்கு வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

அளவு இதுதான்: அகலம் 3 அடி, நாலு தட்டு, ஆழம் 4 அங்குலம்தான். "ஒரு அடியா வச்சா நிறைய அடுக்கலாமே?" என்று மகன் கேட்டார். அங்கேதான் விஷயமே. ஒரு பாட்டிலுக்குப் பின்னால் இன்னொரு பாட்டில் நின்றால் பின்னால் இருப்பது மறந்து போகும். கபசுரக் குடிநீர் நாலு பாட்டில் சேர்ந்ததே அப்படித்தான். ஒற்றை வரிசை என்றால் எல்லாம் கண் முன்னால். ஒரு பாட்டில் 3 அங்குலம் என்று வைத்தால் தட்டுக்குப் பத்து, நாலு தட்டுக்கு நாற்பது. தாராளம்.

நீளத்தையும் 3 அடிக்கு மேல் போகாமல் நிறுத்தினார் ஆசாரி. பலகை நெடுக பாட்டில் அடுக்கினால், நீளம் இரண்டு மடங்கு ஆகும்போது நடுவில் தொய்வு பதினாறு மடங்கு ஆகும். ஆறு அடி வேண்டுமென்றால் நடுவில் ஒரு தாங்கல் கட்டாயம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, சுவரில் துளை போட்டு, பிளக் அடித்து, திருகு முடுக்கினார். தட்டின் முன்பக்கம் முக்கால் அங்குலத்துக்கு ஒரு ரீப்பர், பாட்டில் தவறி விழாமல் இருக்க.

வார்னிஷ் அடித்துப் பதினைந்து நாள் காலியாகவே விட்டார்கள். புது வார்னிஷ் வாசத்தை மூலிகை உறிஞ்சிக்கொள்ளும். "வாசம் போச்சான்னு பாரு" என்று அப்பத்தா தினமும் மருமகளை அனுப்புவார். தனக்குத் தெரியவில்லை என்பதை அவர் வாய்விட்டு ஒத்துக்கொண்டது அப்போதுதான்.

அழகு? அதற்கும் வழி கிடைத்தது. அப்பத்தாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று, அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. அதைக் கிழித்து, தட்டுகளுக்கு முன்னால் கம்பியில் திரையாகத் தொங்கவிட்டார்கள். வெளிச்சமும் போகாது, பார்க்கவும் லட்சணம். யூடியூப் அலமாரி தோற்றது.

அடுத்தது பெரிய வேலை. எந்தப் பாட்டிலில் என்ன? இரண்டு நாள் ஆனது. அப்பத்தாவுக்கு மூக்கு இல்லாவிட்டாலும் கண்ணும் கையும் நாக்கும் இருந்தன. வாசனை போனாலும் இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு நாக்குக்குத் தெரியும். வேர்த்துண்டு ஒன்றை நுனி நாக்கில் வைத்து "இனிக்குது, அதிமதுரம்" என்றார். சித்தரத்தையை உடைத்து நாரைக் காட்டினார். முழுசாக இருந்தவை எல்லாம் பிழைத்தன. பொடிகள் பிழைக்கவில்லை. எது எதுவென்று உறுதியாகத் தெரியாத பொடி அத்தனையும் குப்பைக்குப் போனது. பொடித்தால் மணமும் சீக்கிரம் பறக்கும், அடையாளமும் போகும். அதனால் புதுச் சட்டம்: முழுசாக வை, தேவைக்குக் கொஞ்சமாகப் பொடி.

மேல்தட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி பக்கத்தில் பக்கத்தில். மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். பதினெண்கீழ்க்கணக்கில் ஒரு நூலுக்கே அந்தப் பேர். பாட்டிலில் பெரிய எழுத்தில் பேர், கீழே வாங்கிய மாசம், வருஷம். கணக்குப் பதிவியலில் வருகிற அதே 'முதலில் வந்தது முதலில் வெளியே' முறைதான். பழையது தீர்ந்து, பாட்டிலைக் கழுவிக் காய வைத்த பிறகுதான் புதுசு.

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரிடமும் கூட்டிப் போனார்கள். அவர் சொன்னது மூக்குக்கு ஒரு பயிற்சி. 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் காலையும் மாலையும் நினைப்போடு முகர வேண்டும், மாதக்கணக்கில். நாலில் ஒன்று ஏற்கெனவே அந்த அலமாரியில்! மற்ற மூன்றுக்கு ரோஜா இதழ், எலுமிச்சைத் தோல், நீலகிரித் தைலம். கீழ்த்தட்டில், உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் நாலு சின்ன பாட்டில்.

முழுசாக வந்ததா? இல்லை. ஆறு மாசம் கழித்து ஒரு நாள் கிராம்பு பாட்டிலை மூடாமல் கையில் வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "லேசா... பல்லு வலிக்கு வைப்போம்ல, அந்த மாதிரி இருக்கு" என்றார். மற்ற மூன்றும் இன்னும் மசமசப்புதான்.

இப்போது மூலிகை எடுக்கும்போது மருமகள் முகர்ந்து சொல்கிறார், அப்பத்தா லேபிளைப் படித்துச் சரி பார்க்கிறார். ஐம்பது வருஷம் ஒரே மூக்கில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது ஆளுக்கும் போகிறது. அது போய்ச் சேர ஒரு விபத்து வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம். உங்கள் வீட்டிலும் பேர் இல்லாத பாட்டில்கள் இருந்தால், தெரிந்தவர் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அலமாரி அப்புறம் அடித்துக்கொள்ளலாம்.

கொசுறு: வசம்பின் பேரைச் சொல்லக்கூடாது என்று பழைய ஆட்கள் நினைப்பார்கள். லேபிள் எழுதும்போது அப்பத்தா கடைசிவரை பேரைச் சொல்லவே இல்லை. எனவே அந்த ஒரு பாட்டிலில் மட்டும் சிவப்பு மையில் இப்படி இருக்கிறது: "பேர் சொல்லாதது. காபியில் போடாதே."