கிர்ர்ர்... டொய்ங்... ஒரு மோடம் வாங்கின கதை

2025 செப்டம்பர் 30-ம் தேதியோட அமெரிக்காவுல ஏஓஎல் தன்னோட டயல்-அப் சேவையை மூடிருச்சு. செய்தியைப் படிச்சதுமே காதுல அந்த "கிர்ர்ர்... டொய்ங்" சத்தம். கூடவே எங்க மாமா அச்சகத்து மோடமும் ஞாபகத்துக்கு வந்துருச்சு.

2001. கோயமுத்தூர். "மாப்ளே, நாலு பொட்டிக்கும் மெயில் வரணும், ஆனா போன் லைன் ஒண்ணுதான்"னார் மாமா. அடியேன் லினக்ஸ் பித்து பிடிச்சு அலைஞ்ச காலம். பழைய பென்டியம் ஒண்ணுல ரெட் ஹேட் போட்டு சர்வராக்கி, மணிக்கொருதரம் தானா டயல் பண்ணி மெயிலை இழுத்துட்டு கட் பண்ண வச்சிடலாம்னு வீராப்பா சொல்லிட்டேன்.

கடையில கையில குடுத்தது பி.சி.ஐ. இன்டர்னல் கார்டு. "எல்லாமே 56கே தான் சார், எக்ஸ்டர்னல் எதுக்கு தண்டச் செலவு?" நானும் நம்பி வாங்கிட்டேன். விண்டோஸ்ல ஓடுச்சு. லினக்ஸ்ல... ம்ஹூம். மூணு ராத்திரி தூக்கம் போச்சு.

அப்புறம்தான் விஷயமே புரிஞ்சது. அது முழு மோடமே இல்லை, வின்மோடம்! சிக்னலைப் பிரிச்சு மேயற வேலையை கார்டு செய்யாது, கம்ப்யூட்டர் பிராசசர் தலையில கட்டிடும். அதுக்கான டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் எழுதியிருந்தாங்க. விண்டோஸ்லயும், பெரிய படத்தை திறந்தா லைன் புட்டுக்கும்.

திரும்பவும் காசு போட்டு சீரியல் போர்ட்ல மாட்டுற எக்ஸ்டர்னல் வாங்கினோம். அதுக்குள்ளேயே பிராசசர் இருக்கு. 1981-ல வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம் காலத்து ஏ.டி. கட்டளைகள்தான் அதோட பாஷை. எந்த ஓ.எஸ். பேசினாலும் கேட்டுக்கும். போர்ட் வேகத்தை மட்டும் 1,15,200-ல வைக்கணும், ஏன்னா மோடம் சுருக்கி வந்த டேட்டாவை விரிச்சுத் தரும்போது லைன் வேகத்தைவிட ஜாஸ்தியா கொட்டும். (56கே-ங்கிறது நமக்கு வர்ற பக்கம் மட்டும்தான். வி.90-ல அனுப்புற பக்கம் 33.6கே. எங்க லைன்ல வர்றதும் 45-ஐத் தாண்டினதில்லை.)

மோடம் மக்கர் பண்ணினா சர்வரை ரீபூட் பண்ண வேண்டாம், அதோட சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போதும். சி.டி. விளக்கு எரிஞ்சா, "யாரும் போனை எடுக்காதீங்கப்பா"னு மாமாவே சத்தம் போடுவார். அவருக்கு அது ஒரு பெருமை :-)

2002 ஐப்பசி. சாயங்காலம் செம இடி. காலையில போய்ப் பார்த்தா மோடம்கிட்ட கருகின வாடை. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. ஆபீஸ் கணக்கு மொத்தமும் அந்த சர்வர்லதான், பேக்கப்பும் கிடையாது (தப்பு என்னோடதுதான்). சீரியல் கேபிளை உருவிட்டு, குலசாமியைக் கும்பிட்டு சுவிட்சைப் போட்டேன். பொட்டி எழுந்திரிச்சிருச்சு! போன் லைன்ல வந்த அடி மொத்தமும் மோடத்தோட நின்னுருச்சு. அந்தப் பழைய கார்டு உள்ளே இருந்திருந்தா மதர்போர்டோட போயிருக்கும்.

அன்னிக்கு மத்தியானமே கணக்கையெல்லாம் சிடியில எழுதிட்டேன். மாமாகிட்ட பேக்கப் விஷயத்தை இன்னிவரைக்கும் சொல்லலை. கருகின மோடத்தை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வா மாப்ளே"ன்னு மட்டும் சொன்னார்.