குடிச்ச அன்னிக்கு

கலவையில் மாமா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். கேட்பவர்களுக்கு அது சுகர் மாத்திரை. எச்.ஐ.வி. என்பது அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஒரு மாசக் கடைசியில் திறந்து பார்த்தேன். 30-ல் 12 மீதி இருந்தது.

"குடிச்ச அன்னிக்குப் போடமாட்டேன் மாப்ள. ரெண்டும் சேர்ந்தா விஷமாயிடும்ல?"

மாமா அலட்சியமாக இல்லை. கவனமாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் எங்கள் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில்தான் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது அப்படித்தான். 2004-லிருந்து அரசு ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகத் தருகிறது. அந்த மருந்துதான் டப்பாவில் மிச்சம் கிடந்தது.

குடி ஈரலைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மறுபடி பெருகும். அந்த மருந்துக்கே அடங்காமலும் போகலாம்.

"குடிப்பீங்களான்னு அங்க கேட்கலையா மாமா?"

"கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். சொன்னா மாத்திரையை நிறுத்திட்டா?"

அடுத்த முறை நானும் கூடப் போனேன். டேனரி வேலை முடிந்து வந்தால் தூக்கமே வருவதில்லை, அதனால்தான் குடிக்கிறேன் என்று மாமா முதல்முறையாகச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. "குடிச்சாலும் மாத்திரையை விடாதீங்க. தூக்கத்துக்கும் குடிக்கும் தனியா வைத்தியம் பார்க்கலாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா கேட்டார்: "இத்தனை வருஷமா நீ ஏன்டா ஒண்ணும் கேட்கல?"

மாத்திரை போட்டாச்சா என்று மட்டும்தான் போனில் கேட்டிருக்கிறேன்.