15 டாலர் காலணியும் ஒரு சிலையும்

அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காத கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் வெளிநாடு போவது ஒன்றும் புதிதல்ல. இத்தாலி, துருக்கி, இஸ்ரேல், பிலிப்பைன்ஸ் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். ஒரு சீசன், ஒரு ஊர், ஒரு செக், அடுத்த விமானம். அவ்வளவுதான் கதை. ஸ்டெஃபான் மார்பரியின் கதை மட்டும் அப்படி முடியவில்லை.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில், ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். 1996ல் என்.பி.ஏ.வுக்கு வந்தார். கோபி பிரையன்ட், ஆலன் ஐவர்சன் எல்லாம் வந்த அதே வருடம். திறமையில் குறையே இல்லை. இரண்டு முறை ஆல்-ஸ்டார். ஆனால் ஒரு ராசி அவரைத் துரத்தியது. நியூ ஜெர்சி அவரைக் கொடுத்துவிட்டு ஜேசன் கிட்டை வாங்கியது. அடுத்த இரண்டு வருடமும் இறுதிப் போட்டிக்குப் போனது! ஃபீனிக்ஸ் அவரை அனுப்பிவிட்டு, பிறகு ஸ்டீவ் நாஷை எடுத்தது. 2004-05ல் 62 வெற்றி! "இவர் போனால் அணி உருப்படும்" என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது.

2004ல் சொந்த ஊர் அணியான நிக்ஸுக்கு வந்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. பயிற்சியாளர்களோடு சண்டை, ரசிகர்களின் கூச்சல். 2007 டிசம்பரில் நிக்ஸ் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவர் அப்பா நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மகனுக்குத் தெரிந்தது ஆட்டம் முடிந்த பிறகு. 2008-09 சீசனில் சுமார் 2 கோடி டாலர் சம்பளம், ஆனால் நிக்ஸுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. பாஸ்டனில் சில மாதம், பிறகு அதுவும் இல்லை. 2009ல் இணைய நேரலையில் அவர் வாஸலீன் சாப்பிட்டதைப் பார்த்து ஊரே சிரித்தது.

இதற்கு நடுவில்தான் அந்தக் காலணி விஷயம். வணிகவியல் படிப்பவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 2006ல் 'ஸ்டார்பரி' என்ற பெயரில் 14.98 டாலருக்குக் காலணி கொண்டுவந்தார். பிரபல ஆட்டக்காரர்களின் பெயர் போட்ட ஜோடிகள் 100 டாலரைத் தாண்டி விற்ற காலம். விலை குறைந்தால் மதிப்பும் குறையும் என்று எந்த மார்க்கெட்டிங் புத்தகமும் சொல்லும். மனுஷர் என்ன செய்தார்? அதே மலிவுக் காலணியை மாட்டிக்கொண்டு என்.பி.ஏ. ஆட்டத்திலேயே இறங்கினார். இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஆனால் அதை விற்ற ஸ்டீவ் அண்ட் பாரீஸ் கடைத்தொடர் 2008ல் திவாலானது. சரக்கு நன்றாக இருந்தும் கடை போய்விட்டது, பாவம்.

2010 ஜனவரியில் சீனாவின் ஷான்ஸி மாகாண அணியில் சேர்ந்தார். நிலக்கரி ஊர். அங்கே காலணி வியாபாரமும் செய்யலாம் என்ற கணக்கும் இருந்தது. அடுத்து ஃபோஷான், ஒரு சீசன். இதுவரை மற்ற நாடோடிகளின் கதையேதான். 2011ல் பெய்ஜிங் டக்ஸ் அணிக்கு வந்தார். அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத அணி அது. முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. 2012 இறுதிப் போட்டியில் எதிரே குவாங்டாங், தொடர்ந்து நான்கு வருடம் சாம்பியன். 4-1 என்று முடிந்தது! அந்த வருடமே பெய்ஜிங்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2014, 2015 என்று இன்னும் இரண்டு கோப்பைகள்.

கோப்பை மட்டும் காரணமா? அப்படித் தோன்றவில்லை. கோப்பை வாங்கித் தந்த வெளிநாட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. இவர் சுரங்க ரயிலில் போனார், சக ஆட்டக்காரர்களைத் தட்டிக்கொடுத்து வளர்த்தார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கமிஸார் மா'! படையில் வீரர்களின் மனஉறுதியைக் கவனிக்கும் அதிகாரியின் பதவி அது. நியூயார்க்கில் "அணியைக் கெடுப்பவர்" என்று பேரெடுத்தவருக்கு இந்தப் பட்டம்! பிறகு நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் கிடைத்தது.

2018 பிப்ரவரியில், 40 வயதில், பெய்ஜிங்கின் இன்னொரு அணிக்காகக் கடைசி ஆட்டம் ஆடினார். 20 புள்ளிகள். அடுத்த வருடம் அந்த அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

2020 மார்ச்சில் நியூயார்க்கில் கொரோனா பரவி முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சீனத் தொடர்புகளை வைத்து 1 கோடி என்-95 கவசங்கள் அனுப்ப முயற்சி எடுத்தார். வெளியே அதற்கு 7 டாலருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் சொன்ன விலை 2.75.