வாடா டெஸ்ட்டும் ஒரு மாத்திரையும்

குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சா எங்க தெருவே அருவிக்குக் கிளம்பிரும். அக்கா பையன் மட்டும் வீட்டுல இருப்பான். வயசு பதினொண்ணு, வலிப்பு. ஐந்தருவிப் பாறை மேல நிக்கும்போது வந்துட்டா? ரெண்டு மூணு மாத்திரை மாத்தியும் நிக்கலை. (கையில சாவிக்கொத்தைத் திணிக்கிற வைத்தியம் தென்காசியில இன்னும் ஓயலை. அது தனிக்கதை.)

இந்த மாதிரி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க ஆளுங்க செங்கோட்டை, தென்மலை வழியா திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவுக்குப் போவாங்க. அங்க 1995லயே வலிப்புக்கு மூளை ஆபரேஷன் தொடங்கியாச்சு. ஆனா கத்தி வைக்கிறதுக்கு முன்னால, வலிப்பு எங்க இருந்து புறப்படுது, பேச்சும் ஞாபகமும் எந்தப் பக்கம்னு ரெண்டும் தெரியணும்.

இதுக்கு ஒரு பழைய டெஸ்ட் உண்டு, பேரு வாடா. (வாடா போடா இல்லீங்க, 1949ல இதைச் சொன்ன டாக்டர் ஜுன் வாடா.) ரத்தக்குழாய் வழியா அமோபார்பிட்டால் மருந்தை ஏத்தி, ஒரு பக்க மூளையை மட்டும் சில நிமிஷம் தூங்க வைப்பாங்க. படத்தைக் காட்டி இது என்னன்னு கேப்பாங்க. இப்ப பெரும்பாலும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயே பாத்துடுறாங்க. ஆனா அதுக்கு அசையாம படுக்கணும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

விஷயம் இங்கதான். நம்ம பையன் சாப்பிடுற டோபிரமேட், அதே வகை சோனிசமைடு, ரெண்டும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ்ங்கிற நொதியை அடக்கும். இதைச் சாப்பிடுறவங்களுக்கு அமோபார்பிட்டால் சரியா பிடிக்காம போகலாம், இல்ல சீக்கிரமே தெளிஞ்சிரலாம். 2005ல கலிபோர்னியா டாக்டர்கள் இதை எழுதியிருக்காங்க. தூங்காத மூளை பேசத்தானே செய்யும்? அதைக் கவனிக்காம, 'பேச்சு இந்தப் பக்கம் இல்லை'ன்னு முடிவு பண்ணிட்டா?

போதாக்குறைக்கு டோபிரமேட் சிலருக்கு வார்த்தையை மறக்கடிக்கும். பையன் 'பம்பரம்'னு சொல்ல வராம கையைச் சுத்திக் காட்டுவான். பேச்சுப் பரீட்சையில தெரியுற குறை மூளையோடதா, மாத்திரையோடதா?

"அப்ப ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திருவோம்"னாரு அத்தான். அதுதான் கூடாது! திடீர்னு நிறுத்தினா விடாம வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. குறைக்கிறதும் மாத்துறதும் டாக்டர் வேலை.

அக்கா ஒரு நோட்டு போட்டுட்டா. மாத்திரை பேரு, மில்லிகிராம், தொடங்கின தேதி. சளிக்கு மெடிக்கல்ல வாங்கின எரித்ரோமைசினையும் சேக்கச் சொன்னேன், அது கார்பமசிப்பின் அளவை ரத்தத்துல ஏத்திவிடுமே. ஆச்சி குடுத்த கஷாயம் கூட அதுல இருக்கு. வெள்ளிக்கிழமை கிளம்புறோம்.