இங்கிலீஷ் டிராமாம்மா!

நாடகத்தின் பேரை வீட்டில் சொல்ல முடியுமா? 'வஜைனா மோனோலாக்ஸ்'. பெங்களூரில் அறைத்தோழி ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கிறதென்று இழுத்துக்கொண்டு போனாள். அம்மா போனில் கேட்டபோது "இங்கிலீஷ் டிராமாம்மா" என்று தப்பித்தேன்.

எப்படியும் பிரசங்கம்தான், பாதியில் நழுவிவிடலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஈவ் என்ஸ்லர் 200-க்கும் மேற்பட்ட பெண்களிடம் பேசி எழுதி, 1996-ல் நியூயார்க்கில் அரங்கேற்றியது. 2004-ல் சென்னையில் போலீஸ் அனுமதி மறுத்தது. இத்தனைக்கும் மேடையில் யாரும் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை! பெண் டாக்டர்களின் சில்லென்ற கருவிகளை ஒருத்தி திட்டித் தீர்த்தாள். முனகல்களில் எத்தனை வகை என்று இன்னொருத்தி நடித்தே காட்டினாள். முன்வரிசை மாமி கைதட்டினார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் ஒரு பாட்டி வந்தாள். இளவயதில் ஒரு பையனின் காரில் நேர்ந்த அவமானத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பூட்டிவிட்டவள். 'கீழே' என்பாளே தவிர, பேர் சொல்லமாட்டாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. போன வருஷம் டாக்டரிடம் நானும் "அங்க வலிக்குது" என்றுதான் சொன்னேன். எங்கே என்று அவர் இரண்டு முறை கேட்டார். வயிறு என்று சொல்லிவிட்டு, வயிற்றுக்கு மாத்திரை வாங்கி வந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் தோழி கேட்டாள், உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று. எனக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று பாடப்புத்தகத்தில் வருவது, இன்னொன்று தெருச்சண்டையில்.

மறுநாள் அம்மாவிடம் பேரைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நல்லாருந்துச்சா?" என்றாள்.