மீன் பாடும் வாவிக்கு ஒரு முறை வாருங்கள்

சித்திரை விடுமுறை பிறந்துவிட்டால் கொழும்பிலுள்ள குடும்பங்கள் யாவும் கம்பளிச் சட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. குளிரை நாடிப் போகிறவர்களை நாம் குறை கூறவில்லை. ஆயினும், அதே சித்திரை மாதத்திலே கிழக்குக் கரையில் கடல் அடங்கி, வானம் தெளிந்து, வாவி கண்ணாடிபோற் கிடக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? மட்டக்களப்பிலே பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையோடு, இங்கு வர எண்ணும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய எச்சரிக்கை. "மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்" என்று பிற ஊரார் சொல்வதுண்டு. வேலைக்காக வந்த வாலிபர் பலர் இங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டதால் எழுந்த பரிகாசம் அது. மந்திரமோ மருந்தோ எதுவுமில்லை. பசித்து வந்தவனைப் பாய் விரித்து உட்காரவைத்துச் சோறு போடும் வழக்கமே அதன் இரகசியம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து புகையிரதத்தில் வருவதே சிறந்தது. மாகோவில் கிளை பிரிந்து, பொலன்னறுவையைக் கடந்து, வாழைச்சேனை வழியாக வண்டி வரும். இரவு வண்டியில் ஏறினால், விடியும் நேரத்தில் வயல்வெளிகளும் எருமை மந்தைகளும் உங்களை வரவேற்கும். சித்திரை முதல் புரட்டாதி வரை வருவது நலம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு மழை கொட்டும். வெள்ளம் மிகுந்தால் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டியிருக்கும். அது பார்க்கத்தக்க காட்சியே. ஆனால் பிள்ளைகளோடு பிரயாணம் செய்வதற்கு ஏற்ற காலமன்று.

இவ்வூரின் அமைப்பை விளங்கிக்கொண்டால் மற்றவையெல்லாம் எளிது. வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது வாவி. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பகுதி எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் நிறைந்த பகுதி படுவான்கரை. சூரியன் எழும் கரையும் படும் கரையும்! இரண்டுக்கும் நடுவே நீர் சூழ்ந்த புளியந்தீவில் பழைய நகரம் இருக்கிறது.

காலை வெயில் ஏறுமுன் புளியந்தீவிலுள்ள கோட்டையைப் பாருங்கள். 1628ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இது. பத்து ஆண்டுகள் கழிந்து, 1638இல் ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் அதற்குப் பின்னும் நெடுங்காலம் கச்சேரி இதனுள்ளேயே இயங்கியது. மதிலருகே நின்று நீரைப் பார்த்தால், மூன்று அரசுகள் ஏன் இவ்விடத்தைத் தேடி வந்தன என்பது விளங்கும். இங்கு வாழும் பறங்கியர் சமூகத்தில் முதியோர் சிலர் போர்த்துக்கேயம் கலந்த தங்கள் பழைய மொழியை இன்னும் பேசுகின்றனர் என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் 1814இல் வந்து, ஓராண்டு நிறையுமுன்பே இம்மண்ணில் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளியே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

அடுத்து கல்லடிக்குச் செல்லுங்கள். மானிங் தேசாதிபதியாயிருந்த காலத்தில் எழுந்து, அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் அங்கே நிற்கிறது. அதன் அருகில் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வாகனங்கள் செல்கின்றன. பாலத்துக்கு அப்பால் உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் சுவாமி விபுலானந்தரின் சமாதி உள்ளது. 1892இல் காரைதீவிற் பிறந்து, 1947இல் யாழ்நூலை வெளியிட்டு அவ்வாண்டிலேயே மறைந்த அப்பெரியார், வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகப் பாவித்துத் தம் நூலிலே பாடியுமுள்ளார்.

கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நிற்பதைக் காண்பீர்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின் அடையாளம் அது. படம் பிடிக்குமுன் ஒரு கணம் அமைதியாக நில்லுங்கள். இக்கரையில் அன்று தம்மவரை இழக்காத வீடுகள் குறைவு.

படுவான்கரைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். முன்பு மண்முனைத் துறையில் ஓடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். 2014இல் பாலம் வந்துவிட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் கல் நந்தி ஒன்று உண்டு. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதியின் முன் அது எழுந்து புல் தின்றது என்பது ஐதீகம். வைகாசி மாதமாயின் கண்ணகியம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடைபெறும். மதுரையை எரித்த கோபம் தணியும்படி அம்மனைக் குளிர்விக்கும் அச்சடங்கை நேரிற் கண்டால், சிலப்பதிகாரம் பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் உயிரோடிருப்பதை மாணவர்கள் உணர்வார்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் எங்கேனும் நடப்பதாகக் கேள்விப்பட்டால் விடியும்வரை இருந்து பாருங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். காலையில் பிட்டோடும், பகலில் சோற்றுக்குப் பின்னும் அதை உண்ணலாம். வாவி இறாலும் நண்டும் விடியற்காலைச் சந்தையில் வாங்கினால் உயிரோடு கிடைக்கும். வீட்டுக்காரர் "மறுகாவும் போடட்டா?" என்று கேட்டால் "போதும்" என்று ஒருமுறை சொல்வது பயன்படாது, மூன்று முறை சொல்லவேண்டும்!

இனி, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மீன் உண்மையிலேயே பாடுகிறதா?

1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி, நிலா வெளிச்சத்தில் படகேறிச் சென்று தம் காதாலேயே அவ்வொலியைக் கேட்டு எழுதிவைத்தார். மீன் என்பாரும் உண்டு. நீரின் அடியிலுள்ள ஊரி என்னும் சிப்பிப் பிராணியே ஒலிக்கிறது என்பாரும் உண்டு.

என் தங்கை 1990ஆம் ஆண்டுக் கலவரத்தில், பத்து வயதில், மாமன் வீட்டாரோடு ஊரை விட்டுப் போனவள். போர்க்காலத்தில் இரவில் தோணி விடுவது எங்கே! 2009இல் யுத்தம் ஓய்ந்த பின்பும் அவள் வரத் துணியவில்லை. "ஊர் என்று நினைத்தாலே வெடிச் சத்தந்தான் அண்ணா காதில் கேட்கிறது" என்பாள். சென்ற ஆண்டு, மகளின் வற்புறுத்தலால், வைகாசிப் பௌர்ணமிக்கு வந்தாள்.

தோணிக்காரப் பெரியவர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டார். பாலத்தருகே வாகன இரைச்சலும், கரையில் யாரோ வைத்திருந்த ஒலிபெருக்கியுமாக ஒன்றும் கேட்கவில்லை. மருமகள், "தாத்தா, மீன் எப்போது பாடும்?" என்று நச்சரித்தாள். "மனிசர் வாய மூடினாத்தான் மகள் அது வாயத் திறக்கும். கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர். தோணியை அப்பால் வலித்துச் சென்று நிறுத்தி, துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மேல்நுனியில் காதை வைக்கச் சொன்னார்.

குழந்தை வைத்தாள், அவள் முகம் மலர்ந்தது. அடுத்து நான் வைத்தேன். தூரத்தில் யாரோ தம்புராவை மீட்டி நிறுத்தியதுபோன்ற மெல்லிய ரீங்காரம் கேட்டது. தங்கை தயங்கித் தயங்கிக் காதை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவேயில்லை. நிமிர்ந்தபோது கண்கள் நிறைந்திருந்தன. "வேறு ஒரு சத்தமும் இல்லை அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே, வருகின்ற அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இயந்திரப் படகை விட்டுத் துடுப்புத் தோணியில் ஏறுங்கள்; வானொலியை வீட்டில் விட்டு வாருங்கள். கரையிலுள்ள கண்ணாக் காடுகளே இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் தொட்டில். அவற்றில் பிளாஸ்டிக் போத்தலை எறியாதீர்கள். எந்தப் பிராணி ஒலிக்கிறது என்று அறிஞர்கள் முடிவு சொல்லுமுன், அது ஒலிப்பதை நிறுத்திவிட்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வோம்?

தங்கை இவ்வாண்டும் வருவதாக எழுதியிருக்கிறாள். ஒரு வாரத்துக்கல்ல, ஒரு மாதத்துக்கு. பாயோடு ஒட்டவைத்தல் என்பது இதுதான் போலும். உங்களுக்கும் ஒரு பாய் விரித்தே இருக்கிறது; வாருங்கள்.