அரைமண்டிக்கு அப்பால்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் தமிழுக்குப் பஞ்சமில்லை. மகளைப் பரதநாட்டிய வகுப்புக்கு அனுப்பும் அம்மாக்களுக்கும்தான். அரங்கேற்றம் வரை கணக்கு சரியாகவே போகும். அதற்குப் பிறகு? சலங்கையைப் பரணில் போடுவது, அல்லது வீட்டிலேயே நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தட்டுக்கழியோடு உட்காருவது. இந்த இரண்டை விட்டால் வேறு வழி தெரியாது.

இதே நகரத்தில் மூன்றாவது வழியைக் காட்டியவர் திரிபுரா காஷ்யப். கலாக்ஷேத்திராவில் பரதம் பயின்றவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சென்று நடன அசைவு சிகிச்சை படித்துத் திரும்பினார். மேடையை விட்டுவிடவில்லை. சமகால நடனங்களை அமைத்துக்கொண்டே, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளிடமும் மனநோயாளிகளிடமும் போனார்.

இந்தச் சிகிச்சைக்கு வழி போட்டவரும் ஒரு நடனக்காரிதான். 1942ல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்குள் நுழைந்த மரியன் சேஸ், பேச மறுத்த நோயாளிகளின் அசைவையே தன் உடம்பில் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் கலாக்ஷேத்திரா பாணியில் வளர்ந்த உடம்புக்கு இது பெரிய சோதனை. அரைமண்டியில் முழங்கால் விலகியதா, முதுகு வளைந்ததா என்று தப்பைத் தேடியே பழகிய கண் அது. ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் தப்பு ஏது? சிகிச்சையாளரும் கூடவே சுற்ற வேண்டும். குழந்தை இவரைக் கவனித்த பிறகு வேகத்தை மெல்லக் குறைத்துப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்ததை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருவதற்குச் சமம் இது. மறுநாள் மேடை இருந்தால் அதையே மறுபடி மாட்டிக்கொள்ளவும் வேண்டும்!

மூன்றாவது வேலை, கற்பித்தல். உடம்பைக் கண்ணாடியில் பார்க்காமல் உள்ளிருந்து உணரும் முறைக்கு 1970களில் தாமஸ் ஹன்னா 'சோமாட்டிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். எடை எந்தக் காலில் இறங்குகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று மாணவியையே கேட்கும் வகுப்பு அது. நம் நடன வகுப்புகளில் கேட்கப்படாத கேள்விகள். இங்கே முழங்கால் வலித்தால் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுவதுதான் மரபு.

தன் அனுபவத்தை 2005ல் 'மை பாடி, மை விஸ்டம்' என்ற ஆங்கில நூலாக்கினார் திரிபுரா. 2014ல் சகாக்களோடு இத்துறைக்கென ஒரு சங்கமும் உருவாக்கினார். பாராட்டு நிறையவே கிடைத்தது. அங்கீகாரம்தான் தாமதம். சிறப்புப் பள்ளிகளில்கூட 'டான்ஸ் டீச்சர்' என்றால் ஆண்டு விழாவுக்கு ஆள் என்றே பொருள். 2021ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தின் அட்டவணையில், ஒருவழியாக, நடன, அசைவு சிகிச்சையாளர் என்ற பெயரும் ஏறியது.

மர்பி டவுன் அம்மா முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்று. அட்டவணையில் அது இல்லை.